விளையாடி முடித்தவன்

உட்கார்ந்தே செய்கிற வேலை சுகமான வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு இடுப்பு போய்ப் பல வருடங்களாகின்றன. நீங்கள் கொடுத்திருக்கும் இந்த நாற்காலி பரவாயில்லை, முதுகுக்கு அணைவாக இருக்கிறது. வாயால் சொல்லச் சொன்னீர்கள். எனக்குப் பேச்சு கோவையாக வராது, எழுதியே பிழைத்தவன். அதனால்தான் காகிதம் கேட்டேன். நிதானமாக எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

வீடியோ கேம்களைப் பற்றி எழுதுவது என் தொழில். முதலில் ஒரு பத்திரிகையில், பிறகு இணையத்தில். அக்கம்பக்கத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். "விளையாடுறதுக்குச் சம்பளம் தர்றாங்களா? எங்களுக்கும் ஒரு இடம் பாருங்களேன்" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஒரு கேம் என்றால் சாதாரணமாக ஒரு வாரத்தை விழுங்கும், பெரியது என்றால் மாதத்தை. ஒவ்வொன்றிலும் முதல் அரைமணி நேரம் எந்தப் பொத்தானை அமுக்கினால் குதிக்கலாம், எதை அமுக்கினால் குனியலாம் என்று பாடம் நடத்துவார்கள். வாழ்நாள் முழுக்க ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பது மாதிரி. ஒருநாள் புதிதாக வந்த ஒன்றைத் திறந்தேன். குதிக்கச் சொன்னது. கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் எதையும் முழுதாக விளையாடவில்லை. சலவைக் கடைக்காரர் தன் வீட்டுத் துணியை மடிக்கமாட்டார். அதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை.

ஆனால் எழுதுவது நிற்கவில்லை. அதற்குக் காரணம் என் தம்பி.

அவனைப் பற்றி உங்களுக்கு ஓரளவு தெரியும். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டும்போதே ஒருமுறை வந்துவிட்டது. வண்டி ஒரு கடையின் கதவில் போய் நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், வேலையும் போயிற்று. கல்யாணப் பேச்சு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. "இங்கேயே வந்து இருடா" என்று நான்தான் கூப்பிட்டேன். என் மனைவி பின்பக்க அறையை ஒழித்துக் கொடுத்தாள். பழைய சோபா, பெரிய திரை, நான் தொடாமல் வைத்திருந்த கேம்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. பொழுது போகட்டும் என்று விட்டேன்.

அவன் விளையாடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். எதிரியைச் சுடுவதற்கு முன்னால் "மன்னிச்சுக்கப்பா, வேற வழி இல்ல" என்பான். கடைக்காரப் பொம்மை வணக்கம் சொன்னால் இவனும் திருப்பிச் சொல்வான். சாயங்காலம் டீ குடிக்கும்போது அன்றைக்கு நடந்ததையெல்லாம் கொட்டுவான்.

"அண்ணா, இதுல ஒரு பாட்டி ஜன்னல்ல உக்காந்திருக்கு. அதுகிட்டப் போய்ப் பேசணும்னு யாரும் சொல்லல. நான் சும்மா தினம் போய்ப் பேசினேன். இன்னைக்குப் போறேன், ஜன்னல் சாத்தியிருக்கு. மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சுண்ணா."

நான் அதை எழுதினேன். கொஞ்சம் சீவி, கொஞ்சம் பூசி. அந்தக் கட்டுரைக்கு வந்த பாராட்டு அதுவரை எனக்கு வந்ததே இல்லை. 'இவ்வளவு பொறுமையாக விளையாடுகிற விமர்சகர் வேறு யார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தம்பியிடம் படித்துக் காட்டினேன். அவனுக்கும் சந்தோஷம்தான். "நீ எழுதினாத்தாண்ணா அது அழகா இருக்கு" என்றான். அப்படியே பழகிப்போயிற்று. அவன் விளையாடுவான், நான் எழுதுவேன். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வீட்டுக்குள் நடக்கிற ஒத்தாசை.

விருது விஷயத்துக்கு வருகிறேன். வருடத்தின் சிறந்த கேமுக்கு ஒரு விருது உண்டு. ஓட்டுப் போடும் நடுவர் குழுவில் நானும் ஒருவன். குழுவில் பாதிப்பேர் எதையும் விளையாடாமலே ஓட்டுப் போடுகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். யாரோ விளையாடிப் பதிவேற்றிய வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். அல்லது எல்லாரும் எதைப் பாராட்டுகிறார்களோ அதற்கே கையைத் தூக்குவார்கள். போன வருடம்வரை அது யாருக்கும் உறுத்தவில்லை.

போன வருடம் டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், வேலையை விட்டுவிட்டு கேம்களைப் பற்றி எழுத வந்தவர். எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம். முதல் கூட்டத்திலேயே பட்டியலில் ஒரு பெயரைச் சொல்லி, "இதை முழுசா விளையாடினவங்க கை தூக்குங்க" என்றார். யாரோ இருமினார்கள்.

செயலாளர் சமாளித்தார். "டீச்சர், எல்லாருக்கும் வேலை வெட்டி இருக்கு. வருஷத்துக்கு எத்தனை வருதுன்னு உங்களுக்கே தெரியும். உக்காந்து எல்லாத்தையும் முடிக்க முடியுமா?"

"முடியலைன்னா ஓட்டுப் போடாதீங்க சார். யாரு அழுதா?"

"அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல? பத்து நிமிஷம் பாத்தாலே தெரிஞ்சிடும்."

"பத்து நிமிஷத்துல தெரியற மாதிரிதான் பெரிய கம்பெனிக்காரங்க செய்யறாங்க. மீதியை நாம பாக்க மாட்டோம்னு அவங்களுக்குத் தெரியும். மூணு பேர், நாலு பேர் சேர்ந்து வருஷக்கணக்கா செய்யறவங்க கடைசிலதான் எல்லாத்தையும் வெச்சிருப்பாங்க. அங்க நாம போறதே இல்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். அப்போது எழுந்து அவரை ஆதரித்துப் பேசியது நான்தான். கடைசிச் சுற்றுக்கு வருகிற ஐந்து கேம்களையும் முடித்தவர்களே ஓட்டுப் போட வேண்டும், முடித்ததற்கு, யார் எதுவரை விளையாடினார்கள் என்று பதிவாகும் அவரவர் கேம் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும் என்று சொன்னேன். சும்மா வாயால் சொன்னால் யார் நம்புவார்கள் என்றும் சொன்னேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் பொய் பேசவில்லை. என் கணக்கில் எல்லாமே முடிந்துதான் இருந்தது. தம்பி அதில்தான் விளையாடுவான்.

விதி நிறைவேறியது. சிலர் முணுமுணுத்துக்கொண்டு விலகினார்கள். நான் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். விளையாடாதவனுக்கு ஓட்டு எதற்கு என்று கேட்டிருந்தேன். அதற்கும் நல்ல பேர்.

இந்த இடத்தில் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

முந்தின வருடம் தம்பிக்கு இரண்டுமுறை வலிப்பு வந்ததால் மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருந்தார். அவனுக்கு ஞாபக மறதி, அதனால் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. கூட்டினதும் ஆள் மந்தமாகிவிட்டான். கன்ட்ரோலரைப் பிடித்தபடியே தூங்கிப்போவான். கேமில் ஒரே பாலத்திலிருந்து நாள் முழுக்க விழுந்துகொண்டிருப்பான். டீ நேரத்தில் அவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. "கை கேக்க மாட்டேங்குதுண்ணா" என்று கண்ணைக் கசக்குவான். பார்க்கப் பாவமாக இருந்தது. இப்படியே போனால் ஐந்தையும் முடிக்க முடியாது என்பதும் இருந்தது. மருத்துவர் குறைக்கச் சொல்லிவிட்டார் என்று அவனிடம் சொன்னேன். பழைய அளவுக்கும் கொஞ்சம் கீழேயே கொடுத்தேன். கொஞ்ச நாளிலேயே முகம் தெளிந்துவிட்டது.

என் மனைவி கவனித்தாள். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறாள், ஆட்களின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். "இப்பல்லாம் சின்னவன் சுறுசுறுப்பா இருக்கான்ல? என்னோட சேர்ந்து காய் எல்லாம் நறுக்கித் தர்றான்" என்றாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு கேம்களை முடித்துவிட்டான். ஐந்தாவது, மூன்று பேர் சேர்ந்து ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து செய்தது. நடக்க முடியாத அப்பாவைப் படகில் ஏற்றிக்கொண்டு ஒரு பெண் ஆற்றைக் கடக்கிறாள், அவ்வளவுதான் கதை. டீச்சருக்கு அதன் மேல் உயிர். தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை போடுவார்கள். வெட்டி வெட்டி வரும் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாதவர்கள், வலிப்பு உள்ளவர்கள் விளையாட வேண்டாம் என்று. பல கேம்களில் இதைப் போடுவது வழக்கம். யாரும் படிப்பதில்லை.

அவன் படித்திருந்தான்.

"அண்ணா, இது ஒண்ணை மட்டும் நீ விளையாடேன்" என்றான். "ஆத்துல புயல் வருது. மின்னல் அடிச்சுக்கிட்டே இருக்கு. கண்ணு ஒரு மாதிரி கூசுது."

"கொஞ்ச தூரம்தானே இருக்கும்."

"தெரியலண்ணா. நேத்து நிறுத்திட்டேன். தலைக்குள்ள என்னமோ ஓடற மாதிரி இருந்துச்சு."

நான் முயற்சி செய்யாமல் இல்லை. அன்று மதியமே உட்கார்ந்தேன். படகு சுழலில் மாட்டிக் கவிழ்ந்தது. மறுபடியும் கவிழ்ந்தது. விரல்கள் எல்லாம் மறந்திருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து அவன், "இடது பக்கம் சாய்ண்ணா, இல்ல, அப்படி இல்ல" என்று சிரித்தான். எரிச்சலாக வந்தது. அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்துகொண்டேன்.

அடுத்த நாள் கடைக்குப் போய் அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி வந்தேன். அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு விளையாடு, திரையைவிட்டுத் தள்ளி உட்கார், கூசினால் ஒரு கண்ணைப் பொத்திக்கொள் என்றெல்லாம் சொன்னேன். கவலையில்லாதவன் இதையெல்லாம் சொல்வானா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணியிடம் போய் நின்று, "எப்படிண்ணி இருக்கு? பெரிய ஆள் மாதிரி இருக்கேன்ல?" என்று கேட்டான். அவளும் சிரித்தாள். எதற்காக வாங்கினேன் என்று அவளுக்குத் தெரியாது. வெயிலுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவன் ஒன்று கேட்டான். "இந்தத் தடவை விருது விழாவுக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியாண்ணா? பின்னாடி எங்கயாவது உக்காந்துக்கறேன்." மேடையில் விளக்கெல்லாம் மாற்றி மாற்றிப் போடுவார்கள், உன் உடம்புக்கு ஆகாது என்றேன். சரி என்று தலையாட்டினான். எதற்கும் மறுத்துப் பேசுகிறவன் இல்லை அவன்.

கணக்கைத் திறந்து காட்ட வேண்டிய கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். காலையிலேயே அவன் முகம் சரியில்லை. "இன்னைக்கு வேணாமேண்ணா" என்றான். புயலைத் தாண்டிவிட்டால் முடிந்தது, சாயங்காலம் எங்கேயாவது வெளியே போய்ச் சாப்பிடலாம் என்று சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நான் முன்னறையில் அந்த கேமைப் பற்றிய கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் நடந்ததை அப்போது எல்லாரிடமும் இப்படித்தான் சொன்னேன். அவன் பொழுதுபோக்குக்காக அந்தப் படகு கேமை விளையாடிக்கொண்டிருந்தான், புயல் வருகிற இடத்திலேயே விழுந்துவிட்டான். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் கீழே கிடந்தான், திரை அணைந்திருந்தது. உடனே ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அவர்கள் வந்தபோது மூச்சு இல்லை. மருத்துவரும் நீண்ட வலிப்பு என்று எழுதினார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

மருத்துவமனை நடைவழியில் மனைவி வருவதற்காகக் காத்திருந்தபோது செயலாளருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஐந்தையும் முடித்தாகிவிட்டது, கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்று. சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை.

துக்கம் என்பதால் எனக்காகக் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். கூட்டத்தில் பெரிய கம்பெனியின் கேம் ஒன்றுக்கும் அந்தப் படகு கேமுக்கும் இழுபறி. முடிவைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்லாரும் கதையைச் சொன்னார்கள். கரை சேர்கிறாள், அப்பாவை முதுகில் சுமந்து மேடு ஏறுகிறாள், அவர் இறந்துபோகிறார். நான் வேறொன்று சொன்னேன். மேடு ஏறும்போது கன்ட்ரோலர் கையில் துடிக்கும். முதுகில் இருக்கிற அப்பாவின் நாடி அது. திரையில் எதுவும் தெரியாது, சத்தமும் வராது, கைக்கு மட்டும்தான் தெரியும். ஏற ஏறத் துடிப்பு தள்ளித் தள்ளிப்போகும். ஒரு கட்டத்தில் அடுத்தது வருமென்று காத்திருப்போம், வராது. அவர் போய்விட்டார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே நம் கைக்குத் தெரிந்துவிடும்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த கேம்தான் ஜெயித்தது. செய்த மூன்று பேரும் மேடையில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். விருதை அவர்கள் கையில் கொடுத்தது நான்.

அதன்பிறகு ஒருநாள் டீச்சர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் எதையும் சொல்லவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார் அந்தப் படகு கேமோட முடிவை, புயல் முடிஞ்சு அப்பாவைச் சுமந்துக்கிட்டு மேடு ஏறறதைப் பத்திப் பேசினப்ப எங்க யாருக்கும் பேச்சே வரல. அந்தத் துடிப்பை எந்த வீடியோவுலயும் பாக்க முடியாது. கையால விளையாடினவங்களுக்குத்தான் தெரியும். வீட்ல இப்படி ஒரு நிலைமையிலும் முழுசா விளையாடியிருக்காரே" என்றார். என் மனைவி டீ எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனாள். வெகுநேரம் வரவில்லை.

டீச்சர் போனபிறகு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க எதையும் விளையாடறதில்ல. அவன்தான் விளையாடுவான். எனக்குத் தெரியும்."

"ஆமா."

"அவன் புயல் முடியறதுக்குள்ளயே போயிட்டான். திரை அணைஞ்சிருந்துச்சுன்னு சொன்னீங்க."

நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன்.

"அப்ப அந்த மேடு ஏறினது யாரு?"

அவள் அழவில்லை. மாத்திரை டப்பாவை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். அதில் இருக்கக் கூடாத அளவுக்கு மாத்திரை மிச்சம் இருந்தது. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. களைப்புதான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

தடால் என்று ஒரு சத்தம் கேட்டது. போனேன். சோபாவுக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்தான். கண்ணாடி தெறித்திருந்தது. கை கால் வெட்டிக்கொண்டிருந்தது. மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி மேசையை நகர்த்தினேன், அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், தலைக்குக் கீழே குஷனைக் கொடுத்தேன். இதை முதலில் செய்தேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும், நிற்காவிட்டால் உடனே கூப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நிற்கட்டும் என்று பார்த்தேன்.

திரை அணையவில்லை. புயலைக் கடந்துவிட்டிருந்தான். படகு கரையில் மோதி நின்றிருந்தது. அந்தப் பெண் அப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டு, யாராவது நடத்துவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள். புயல் தொடங்கியபின் அந்த கேம் விட்ட இடத்தை எங்கேயும் சேமித்துக்கொள்ளாது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் மறுபடியும் புயலின் ஆரம்பத்துக்குப் போய்விடும், என்னால் அதைத் தாண்ட முடியாது. கன்ட்ரோலர் அவன் கைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. எடுத்தேன். மேடு ஏறுவதற்குத் திறமை எதுவும் தேவையில்லை. ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும்.

துடிப்பு வந்தது. முதலில் கன்ட்ரோலர் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரு கேம் என்னை ஏதோ செய்தது. பின்னால் சோபா மேல் அவன் கால் மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாதி மேட்டில் அந்தச் சத்தம் மாறியது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுவேன் என்று தோன்றியது.

எவ்வளவு நேரம் என்று இரண்டு தடவை கேட்டீர்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் மேலே போய்ச் சேர்ந்து, அப்பாவை இறக்கி வைத்து, திரை வெளுத்து, செய்தவர்களின் பெயர்கள் எல்லாம் ஓடி முடியும்வரை. பெயர்கள் ஓடும்போது எழுந்து போவது எனக்குப் பழக்கமில்லை. செய்தவர்களுக்கு நாம் கொடுக்கிற மரியாதை அது. பிறகுதான் திரும்பினேன். அவன் அமைதியாகப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்றே நினைத்தேன். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். பிறகு திரையை அணைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

மாத்திரையைக் குறைத்தது நான். உட்கார வைத்தது நான். கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிடாததும் நான். இதில் எதையும் மறுக்கவில்லை, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். நான் விளையாடாமலே ஓட்டுப் போட்டதாக டீச்சர் உங்களிடம் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மற்ற நான்கைப் பற்றி அப்படிச் சொன்னால் சரி, நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எதற்கு ஓட்டுப் போட்டேனோ, அதை நான் முடிவுவரை விளையாடினேன்.